ஒரு வாரத்து நீதிபதிக்கு ஒரு பக்கத்து ஆணை

நம் ஊரில் ஒரு நீதிபதி விடுப்பில் போனால் பக்கத்துக் கோர்ட் நீதிபதி ‘இன்சார்ஜ்’ பார்ப்பார். பெரும்பாலும் வாய்தா போடுவதோடு சரி. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கதை வேறு. ஓய்வு பெற்ற ஒருவரோ, தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போன ஒருவரோ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஜூரி வைத்து ஒரு கொலை வழக்கையே நடத்தி முடித்துவிட்டுப் போகலாம். அவரை வருகை நீதிபதி என்கிறார்கள். ‘இங்கே உட்கார உங்களுக்கு என்ன அதிகாரம்?’ என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை என்ற ஒரு தாள். அது எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது, எப்போது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துத் தீர்ப்பே நிற்கலாம், விழலாம். அந்தத் தாளைப் பார்த்துக்கொள்வது நீதிமன்றக் கிளார்க்கின் வேலை.

முதலில் ஆணை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். டெக்சாஸில் 254 கவுன்டிகள், நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள். நீதி நிர்வாகத்துக்காக அவற்றை 11 வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தலைமை நீதிபதி. ஆளுநர் நியமிக்க, மாநில செனட் ஒப்புதல் தர, 4 ஆண்டுப் பதவிக்காலம். ஒரு நீதிபதி நோயில் படுத்தாலும், வழக்கிலிருந்து விலகினாலும், வழக்குகள் குவிந்துபோனாலும் ஆள் அனுப்புவது இவர்தான். தன் வட்டாரத்தில் ஆள் இல்லையென்றால் அடுத்த வட்டாரத் தலைமை நீதிபதியிடம் கேட்பார். மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியும் வட்டாரம் விட்டு வட்டாரம் அனுப்பலாம். இவை எல்லாம் மாநில அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 74ஆம் அத்தியாயத்தில் இருக்கின்றன.

ஓய்வு பெற்றவர் எல்லோரையும் அனுப்பிவிட முடியாது. வட்டாரத் தலைமை நீதிபதி ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். அதில் பெயர் ஏற குறைந்தது 96 மாதம் நீதிபதியாக இருந்திருக்க வேண்டும். மாதத்தில் ஒரு பகுதி பதவியில் இருந்தாலும் அது ஒரு மாதக் கணக்கு. ஆண்டுதோறும் பணியிலிருக்கும் நீதிபதிகளுக்கு உரிய பயிற்சியை முடித்ததாகக் காட்ட வேண்டும். 2 ஆண்டுகளுக்கு மாநிலத்தின் எந்த நீதிமன்றத்திலும் வழக்கறிஞராக வாதாட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டியலை உரிமையியல், குற்றவியல், குடும்ப வழக்கு என்று பிரித்து வைக்கச் சொல்கிறது சட்டம். குடும்ப வழக்குக்காரரைக் குற்ற வழக்குக்கு அனுப்பக் கூடாது. இந்தப் பட்டியல் கிளார்க்கின் மேசைக்கு வராது. ஆனால் ஆணையில் உள்ள பெயர் தகுதியுள்ளதா என்ற கேள்வி எழும்போது தேடிப் போக வேண்டிய முதல் இடம் இதுதான்.

இனி அந்தத் தாள். பெரும்பாலும் ஒரே பக்கம். நீதிபதியின் பெயர், எந்தக் கவுன்டி, எத்தனையாவது மாவட்ட நீதிமன்றம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை அல்லது எந்த வழக்கு எண், அடியில் வட்டாரத் தலைமை நீதிபதியின் கையெழுத்தும் தேதியும். இதற்கு நடுவே, அவசரத்தில் கண்ணில் படாத ஒரு சொல் இருக்கும். வருபவர் பணியிலிருக்கும் நீதிபதியா, முன்னாள் நீதிபதியா, ஓய்வு பெற்றவரா, மூத்த நீதிபதியா என்பதை ஆணை சொல்லியாக வேண்டும் என்கிறது 74.053ஆம் பிரிவு. முன்னாள் என்பதும் ஓய்வு பெற்றவர் என்பதும் ஒன்றில்லை: ஓய்வூதியத்தோடு போனவர் ஓய்வு பெற்றவர், அந்த உரிமை இல்லாமல் பதவியை விட்டவர் முன்னாள். ஓய்வுக்குப் பின்னும் நீதித்துறை அலுவலராகத் தொடர்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர் மூத்த நீதிபதி. நாலில் எது என்பதை வைத்துத்தான் வழக்கறிஞர் அவரை ஆட்சேபிக்க முடியுமா என்று முடிவு செய்வார். பணியிலிருக்கும் நீதிபதி வேறு கவுன்டியிலிருந்து வந்திருந்தால் இந்தப் பிரிவின்படி ஆட்சேபம் கிடையாது. மற்ற மூவருக்கும் உண்டு. அந்தச் சொல் விடுபட்ட ஆணை வந்தால் தாக்கல் முத்திரை குத்துவதற்கு முன்பே வட்டார அலுவலகத்துக்குத் திருப்பிப் பேசிவிடுவது நல்லது. வழக்கு தொடங்கிய பிறகு அதைக் கேட்பது சங்கடம்.

அடுத்து, காலம். குழப்பங்களில் பாதி இங்கேதான் பிறக்கிறது. ஆணை இரண்டு வகை: குறிப்பிட்ட வழக்குக்கு, அல்லது குறிப்பிட்ட நாட்களுக்கு. வழக்குக்கு என்றால் பிரச்சினை குறைவு. வழக்கு முடியும்வரை அவர் நீதிபதி. நாட்களுக்கு என்றால் அந்த நாள் முடிந்ததும் அவர் சாதாரண ஆள். அதனால்தான் நாள் கணக்கு ஆணைகளின் அடியில் ஒரு வால் இருக்கும்: இந்தக் காலத்தில் தொடங்கிய வழக்கை முடிக்கவும், அதிலிருந்து எழும் மறுவிசாரணை மனு முதலியவற்றைத் தீர்க்கவும் தேவைப்படும்வரை ஒதுக்கீடு நீடிக்கும் என்ற வாசகம். வாசகம் வட்டாரத்துக்கு வட்டாரம் கொஞ்சம் மாறும். வால் இருக்கிறதா இல்லையா என்பது கையெழுத்தைவிட முக்கியம் என்றுகூடச் சொல்லலாம்.

ஏன் என்பதற்கு நாட்காட்டியை எடுத்துப் பார்க்கலாம். ஒதுக்கீடு 2025 மே 5 திங்கள் முதல் மே 9 வெள்ளி வரை என்று வைத்துக்கொள்வோம். ஜூரி இல்லாத உரிமையியல் விசாரணை, வியாழன் மாலை சாட்சியம் முடிகிறது. நீதிபதி ‘தீர்ப்பாணை வரைவு கொடுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாசகத்தில் சண்டை போட்டு வரைவு வந்து சேர மூன்று வாரம். மே 28 அன்று அவர் வீட்டிலிருந்தபடியே கையெழுத்துப் போடுகிறார். வால் இல்லாத ஆணை என்றால், கையெழுத்துப் போட்டவருக்கு அன்று அதிகாரம் இருந்ததா என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிட்டது. அதோடு முடியவில்லை. டெக்சாஸ் உரிமையியல் நடைமுறை விதி 329பி-யின்படி தீர்ப்பாணையில் கையெழுத்தான நாளிலிருந்து 30 நாளுக்குள், அதாவது ஜூன் 27க்குள், மறுவிசாரணை மனு போடலாம். எழுத்துவடிவ உத்தரவு எதுவும் இல்லாமல் 75 நாள் கழிந்தால், ஆகஸ்ட் 11 முடிந்ததும், மனு தானாகவே தள்ளுபடி. அதற்கு மேலும் 30 நாள், செப்டம்பர் 10 வரை, நீதிமன்றம் தன் தீர்ப்பை மாற்றலாம். ஐந்து நாளுக்கு வந்தவரின் வேலை நாலு மாதம் இழுக்கிறது. வால் இல்லாவிட்டால் மறுவிசாரணை மனுவை அந்த நீதிமன்றத்தின் சொந்த நீதிபதிதான் கேட்க வேண்டும். அவரோ ஒரு சாட்சியையும் பார்த்தவரில்லை.

இதற்கு இரண்டு கைவைத்தியம் உண்டு. வெள்ளிக்கிழமை கோர்ட் கலையும் முன்பே முழுத் தீர்ப்பையும் திறந்த நீதிமன்றத்தில் வாயால் அறிவித்து, சுருக்கெழுத்தர் அதைப் பதிவு செய்துவிட்டால், பின்னால் போடும் கையெழுத்து வெறும் எழுத்து வேலை என்று வாதிக்க இடம் கிடைக்கும். ‘வரைவு கொடுங்கள், பார்க்கிறேன்’ என்பது அறிவிப்பு ஆகாது. இரண்டாவது, நேர்வழி: காலம் முடிவதற்கு முன்பே வட்டாரத் தலைமை நீதிபதியிடம் நீட்டிப்பு ஆணை கேட்டு வாங்குவது. ஒரு மின்னஞ்சல் வேலை. ஆனால் வியாழக்கிழமை மாலை இது யாருக்கும் நினைவுக்கு வராது என்பதால், ஒதுக்கீட்டின் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக நாட்காட்டியில் நினைவூட்டல் போட்டு வைப்பதுதான் நடைமுறையில் பலிக்கிறது.

பணியிலிருக்கும் மாவட்ட நீதிபதிகள் ஒருவர் நாற்காலியில் இன்னொருவர் உட்கார டெக்சாஸில் எழுத்தாணைகூடத் தேவையில்லை. மாநில அரசமைப்பே நாற்காலி மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறது. இதைப் பார்த்துப் பழகிய அலுவலகங்கள் வருகை நீதிபதிக்கும் அதே சலுகை உண்டென்று நினைத்துவிடுவதுண்டு. பணியில் இல்லாதவருக்கு மாற்றிக்கொள்ள நாற்காலி ஏது?

இப்போது ஆட்சேபம். உரிமையியல் வழக்கில் ஒரு தரப்பு உரிய காலத்தில் ஆட்சேப மனு போட்டால், காரணமே சொல்ல வேண்டியதில்லை, அந்த வருகை நீதிபதி அந்த வழக்கைக் கேட்கக் கூடாது. ஒரு தரப்புக்கு ஒரு வழக்கில் ஒரு தடவைதான். ஆனால் தான் வகித்த பதவிக்குக் கடைசியாகப் போட்டியிட்ட தேர்தலில் தோற்றவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். (தோற்றாரா என்பதை ஆணையில் எழுத வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. வழக்கறிஞர்தான் பழைய தேர்தல் முடிவைத் தேட வேண்டும்.) உரிய காலம் என்பது, ஒதுக்கீடு பற்றிய அறிவிப்பு உண்மையிலேயே கைக்கு வந்த 7ஆம் நாளுக்குள், அல்லது முதல் விசாரணை தொடங்கும் முன், இரண்டில் எது முந்தியதோ அது.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பதிவேடு அவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டியிருக்கிறது. ‘கைக்கு வந்த’ என்றால் கோர்ட் வராந்தாவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியது மட்டும் போதாது. மின்னஞ்சலில் அறிவிக்கலாம், மின்னஞ்சலிலேயே ஆட்சேபிக்கலாம் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆகவே எந்த முகவரிக்கு, எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது என்பதை மின்னஞ்சலோடு சேர்த்து வழக்குக் கட்டில் வைக்க வேண்டும். வழக்கறிஞர் மாறியிருந்தால் பழைய முகவரிக்குப் போன அறிவிப்பு அறிவிப்பே அல்ல. ஏழு நாள் ஓடவே தொடங்காது. மறுபுறம், முதல் விசாரணை என்பதில் சின்ன மனுவும் அடங்கும். வருகை நீதிபதி முன் எழுந்து நின்று ஒரு வாய்தா மனுவை வாதாடிவிட்டு, உத்தரவு பிடிக்காமல் அன்று மதியம் ஆட்சேபம் போட்டால் அது காலம் கடந்தது. திங்கள் காலை 9 மணிக்கு விசாரணை, 8.52க்கு ஆட்சேபம் தாக்கல் என்றால் அந்த எட்டு நிமிடம்தான் வழக்கின் தலையெழுத்து. தாக்கல் முத்திரையில் தேதி மட்டும் போதாது, நேரமும் வேண்டும். விசாரணை தொடங்கிய நேரத்தையும் டாக்கெட்டில், அதாவது வழக்கின் நடவடிக்கைக் குறிப்பேட்டில், எழுத வேண்டும். இரண்டில் ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பயனில்லை.

ஆட்சேபம் காலத்துக்குள் வந்திருந்தும் வருகை நீதிபதி அதைத் தள்ளிவிட்டு வழக்கை நடத்தினால், அதற்குப் பின் அவர் போட்ட உத்தரவெல்லாம் செல்லாது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1997இல் டன் எதிர் ஸ்ட்ரீட் வழக்கில் சொன்னது இதுதான். மேல்முறையீடுவரை காத்திருக்க வேண்டியதுகூட இல்லை, கீழ் நீதிபதிக்கு உத்தரவிடும்படி மேல் நீதிமன்றத்தை நேரடியாகக் கேட்கும் பேராணை மனுவே போடலாம். அதனால் ஆட்சேபம் வந்ததும் கிளார்க் செய்ய வேண்டியது, அதை நீதிபதியின் மேசையில் வைப்பதோடு நிற்காமல், உடனே வட்டார அலுவலகத்துக்கும் அனுப்பி அடுத்த ஒதுக்கீட்டைக் கேட்பது.

குற்ற வழக்கில் இந்த இலவச ஆட்சேபம் இல்லை, 74.053 உரிமையியல் வழக்குக்கு மட்டும். அங்கே நிலைமை வேறு விதமாகக் கறார். 1998இல் வில்சன் வழக்கில் டெக்சாஸின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மற்றபடி தகுதியுள்ள முன்னாள் நீதிபதியின் ஒதுக்கீட்டில் உள்ள நடைமுறைக் குறையை முதன்முறையாக மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது என்று சொல்லிவிட்டது. விசாரணைக்கு முன்பே கிளப்ப வேண்டும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் எதைப் பார்த்துக் கிளப்புவார்? ஆணை வழக்குக் கட்டில் இருந்தால்தானே தேதி முடிந்ததா இல்லையா என்று தெரியும்.

இங்கேதான் பல அலுவலகங்களில் நடக்கும் பிழையைச் சொல்ல வேண்டும். வாரக் கணக்கில் வரும் ஒதுக்கீட்டு ஆணைகளை எல்லாம் ஒரு பொதுக் கோப்பில் கோத்து வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் அந்த நீதிபதி நாற்பது வழக்கைத் தொட்டிருப்பார், நாற்பது கட்டிலும் நகல் வைக்க யாருக்கு நேரம்? நியாயமான கேள்விதான். ஆனால் மேல்முறையீட்டுக்குப் போவது அந்த வழக்கின் ஆவணங்கள். பொதுக் கோப்பு போகாது. ஆணை எங்கே என்று மேல் நீதிமன்றம் தேடினால் கிடைக்காது. பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும் என்ற அனுமானம் காப்பாற்றும், துணை ஆவணமாகப் பின்னால் அனுப்பவும் விதியில் வழி இருக்கிறது. ஆனாலும் அனுமானத்தை நம்பிக் கட்டை அனுப்புவதைவிட ஒரு நகல் மலிவு. நாற்பதிலும் வைக்க முடியாவிட்டால், வருகை நீதிபதி கையெழுத்துப் போட்ட கட்டுகளில் மட்டுமாவது, கையெழுத்தான அன்றே வைத்துவிட வேண்டும். மின்னணுத் தாக்கலில் ஒரே ஆவணத்தைப் பல வழக்கு எண்களில் இணைப்பது சில நிமிட வேலை. நீதிபதி விலகியதால் வந்த ஒதுக்கீடு என்றால் விலகல் ஆணையும் கூடவே இருக்க வேண்டும். விலகக் கோரும் மனு தாக்கலான 3 வேலை நாளுக்குள் நீதிபதி விலக வேண்டும் அல்லது வட்டாரத் தலைமை நீதிபதிக்கு அனுப்ப வேண்டும் என்பது டெக்சாஸ் உரிமையியல் நடைமுறை விதி 18ஏ. அந்தத் தேதிச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் அடுத்து வந்தவரின் அதிகாரம் அந்தரத்தில் தொங்கும்.

உறுதிமொழி இன்னொரு கண்ணி. மாநில அரசமைப்பின் 16ஆம் உறுப்பு 1ஆம் பிரிவுப்படி, பதவிக்காக யாருக்கும் பணமோ பொருளோ கொடுக்கவில்லை என்ற வாக்குமூலத்தில் முதலில் கையெழுத்து, அதன் பிறகே பதவிப் பிரமாணம். வரிசை மாறக் கூடாது. பதவியை விட்டுப் போனவருக்குப் பழைய பிரமாணம் போதாது என்பதை 1999இல் எல் பாசோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு ஜாமீன் பத்திர வழக்கில் காட்டியது: பிரமாணம் எடுக்காத வருகை நீதிபதியின் தீர்ப்புகள் செல்லாது. ஆணை சரி, நாள் சரி, ஆள் சரி, பிரமாணம் மட்டும் இல்லை. ஒதுக்கீட்டு ஆணையின் நகலோடு பிரமாணத்தின் நகலையும் கேட்டு வாங்குவது இதனால்தான்.

பிழை தெரிந்த பிறகு திருத்த முடியுமா? நீதிமன்ற எண் ஒன்று தவறாகத் தட்டச்சாகிவிட்டது, உண்மையில் தலைமை நீதிபதி ஒதுக்கியது வேறு எண்ணுக்கு என்றால், முன்தேதியில் செல்லும் திருத்த ஆணை போடலாம். நடந்ததைப் பதிவு தவறாகச் சொல்கிறது, அதைச் சரி செய்கிறோம், அவ்வளவு. நடக்காத ஒன்றை நடந்ததாக எழுத அந்த ஆணை உதவாது. மே 9உடன் முடிந்த ஒதுக்கீட்டை ஜூனில் உட்கார்ந்து மே 10 முதல் நீட்டித்ததாக எழுதுவது திருத்தம் ஆகாது.

அமெரிக்க மத்திய நீதிமன்றங்கள் இதே சிக்கலைக் கொஞ்சம் புத்திசாலித்தனமாகக் கையாள்கின்றன என்பது என் எண்ணம். கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பு 295ஆம் பிரிவு, ஒவ்வொரு ஒதுக்கீடும் நீதிபதி புறப்படும் நீதிமன்றம், போய்ச் சேரும் நீதிமன்றம் இரண்டிலும் கிளார்க்கிடம் தாக்கலாகி நிகழ்ச்சிக் குறிப்பில் ஏற வேண்டும் என்கிறது. ஒரு பக்கம் தொலைந்தால் மறுபக்கம் இருக்கும். டெக்சாஸ் ஆணையின் வாலில் இருப்பதை அங்கே 296ஆம் பிரிவே எழுதிவைத்திருக்கிறது: காலம் முடிந்தாலும், அந்தக் காலத்தில் தன்னிடம் சமர்ப்பிக்கப்பட்டதை வருகை நீதிபதி முடித்துவைக்கலாம். ஒவ்வொரு தாளிலும் வாலைத் தேட வேண்டியதில்லை. கூடவே, வருகை நீதிபதி சட்டப்பூர்வப் பதவிகளுக்கு யாரையும் நியமிக்கவோ, சட்ட அறிவிப்புக்கு நிரந்தரமாக ஒரு பத்திரிகையைக் குறிக்கவோ கூடாது. விருந்தாளி வீட்டுச் சாவியை மாற்றக் கூடாது என்ற மாதிரி.

ஆனால் அங்கேயும் சறுக்கியிருக்கிறது. பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமில் தண்டனை பெற்ற இருவரின் மேல்முறையீட்டை ஒன்பதாம் சர்க்யூட் என்ற மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அமர்வு கேட்டது. மூவரில் ஒருவர் வடக்கு மரியானா தீவுகளின் மாவட்ட நீதிமன்றத் தலைமை நீதிபதி. வாழ்நாள் பதவி இல்லாத, 10 ஆண்டுக் கால நீதிபதி. சட்டம் அனுமதிக்கும் வகையில் அவர் சேர்த்தி இல்லை. விசாரணையில் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இருந்தும் 2003இல் நுயென் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மீதி இருவர் போதாதா என்ற வாதம் எடுபடவில்லை. தேதிப் பிழையை மன்னிக்கலாம், தகுதியே இல்லாதவரை அமர்த்தியதை மன்னிக்க முடியாது என்ற கோடு இங்கே தெளிவாகத் தெரிகிறது. வில்சன் வழக்கிலும் ‘மற்றபடி தகுதியுள்ள’ என்ற சொல் ஏன் இருந்தது என்பது இதைப் பார்த்தால் புரியும்.

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமானது அரசமைப்பின் 224ஏ பிரிவு. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி, குடியரசுத் தலைவரின் முன் இசைவோடு, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை அமர்ந்து செயல்படக் கேட்டுக்கொள்ளலாம். அதிகாரம் எல்லாம் உண்டு, மற்றபடி அவர் அந்த நீதிமன்றத்தின் நீதிபதியாகக் கருதப்பட மாட்டார். பயன்படுத்தியது மிக அபூர்வம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1982இல் நீதிபதி பி. வேணுகோபால் அப்படி அமர்ந்திருக்கிறார். 2021இல் லோக் பிரகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைத் தூசி தட்டி எடுத்தது. 2025 ஜனவரி 30 அன்று, காலியிடம் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்தி, குற்ற மேல்முறையீடுகளுக்காக, பணியிலிருக்கும் ஒரு நீதிபதியின் தலைமையில் அமர வைக்கலாம், எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட பலத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. இங்கே காலம் வாரக் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கு. ஆனாலும் கடைசி நாளுக்கு முன் தீர்ப்புக்கு ஒத்திவைத்த வழக்குகளின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டிய வேலை பதிவறைக்கு வந்தே தீரும்.

டெக்சாஸுக்கே திரும்பி, கடைசியாகக் கையெழுத்துக் கட்டம். கணினியில் உத்தரவுப் படிவம் சொந்த நீதிபதியின் பெயரோடு தானாக வரும். வருகை நீதிபதி அதன் மேலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு ஒரு பெயர், அதன் மேல் வேறொருவரின் கிறுக்கல். படிவத்தில் பெயரை மாற்றி, கீழே ‘ஒதுக்கீட்டின் பேரில் அமர்ந்து’ என்று சேர்க்க ஒரு நிமிடம் ஆகும். டாக்கெட்டில் இப்படி ஒரு வரி இருந்தால் போதும்: ‘5 மே, காலை 9.00. மூத்த நீதிபதி, ஒதுக்கீட்டு ஆணை 28 ஏப்ரல், காலம் 5–9 மே, வால் உண்டு. அறிவிப்பு 29 ஏப்ரல் மாலை 4.10, இரு தரப்புக்கும் மின்னஞ்சல். ஆட்சேபம் இல்லை. விசாரணை தொடக்கம் 9.14.’